ஏரியலைப் பிடுங்கு

கீழே மோட்டார் நிறுத்துமிடத்தில் அக்கா மகன் வண்டியை முறுக்கிப் பார்க்கிறான். ஹேண்டில்பாரில் கட்டியிருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் பாட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஙீ வருகிறது. முறுக்கினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஐந்தாம் மாடிக் காரிடாரில் தே ஓ குடித்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் மறக்கிற குரலா அது.

என்னுடையது ஹோண்டா இ.எக்ஸ்.5. வாங்கியது 1993ஆ, 94ஆ என்று இப்போது தடுமாறுகிறது. மோட்டார்காரர்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்ற சட்டம் 1992இல் வந்தது. நான் அந்த வண்டியை ஒருநாளும் விளக்கில்லாமல் ஓட்டியதில்லை, ஆகவே அதற்குப் பிறகுதான். அந்த விளக்கையும் சும்மா சொல்லவில்லை. இந்த மாதிரிச் சின்னக் கப்சாய் வண்டியின் சுருளில் பிறக்கும் மின்சாரமே கொஞ்சம். அதில் விளக்குக்குப் போனது போகத்தான் பேட்டரிக்கு. அந்த மிச்சத்தில்தான் நான் ஒரு காரின் ரேடியோவை ஓட்ட நினைத்தேன்.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் விரித்த கேன்வாஸில், பழைய குழாய்களுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்தது அந்தக் கேசட் ரேடியோ. எந்தக் காரிலிருந்து பிடுங்கியதோ. நாற்பது வெள்ளி. பிளைவுட்டில் பெட்டி அடித்து முன்கூடையில் இறுக்கினேன். ஏரியலைக் கண்ணாடிக் கம்பியோடு சேர்த்து முடுக்கினேன். கறுப்பு வயரை சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் கட்டினேன். சிவப்பும் மஞ்சளும் எதற்கென்று தெரியாததால் இரண்டையும் முறுக்கி பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுத்துவிட்டேன். முதல் நாள் பினாங்குப் பாலத்தில் பட்டர்வொர்த் பக்கம் போனபோது, பதின்மூன்றரை கிலோமீட்டரும் பாட்டுத்தான். பாட்டைவிடக் காற்றுத்தான் அதிகம் கேட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர்ப் பெயரில் வரும் பாயான் என்றால் மலாயில் கிளி. பக்கத்தில் இருக்கும் பாயான் லெப்பாஸ் என்றால் கூண்டை விட்டுப் போன கிளி, எங்கள் பாயான் பாரு புதுக் கிளி. என் கிளி முதல் வாரத்திலேயே கத்த ஆரம்பித்தது.

முதலில் வந்த தொல்லை ஙீ அல்ல, பேட்டரி. சீனப்புத்தாண்டு விடுமுறைக்கு நான்கு நாள் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் நிபோங் திபால் போய் வந்தேன். திரும்பி வந்து சாவி போட்டால் நியூட்ரல் விளக்குகூட எரியவில்லை. கிக் அடித்ததில் எஞ்சின் வந்தது. ஹாரன்தான் பூனைக்குட்டி மாதிரி முனகியது. பட்டறை தௌக்கே எட்டிப் பார்த்து “பேட்டரி மாத்தி லா” என்றார். செத்துப்போச்சாம். மாற்றினேன். அடுத்த மாதம் அதுவும் செத்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மஞ்சள் வயர் ரேடியோவின் ஞாபகத்துக்கு, எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டியது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டியது. இரண்டையும் நான் ஒன்றாகக் கட்டியதால் ரேடியோ தூங்கவே இல்லை. 50 மில்லி ஆம்பியர்தான் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நூறு மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி காலி. என் வண்டியில் இருந்ததே அவ்வளவுதான். காரின் பேட்டரி பத்து மடங்கு பெரிது, அது உணராது.

நடுவில் பியூஸ் இரண்டு முறை போனது. மூன்றாவது முறை சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்தேன். அன்று வயர் உருகி, சீட்டுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகிய நாற்றம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா அப்போது மூன்று ஷிப்ட் வேலையில் இருந்தாள். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தபோது முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை ‘எட்டு சாமுராய்’ என்பார்கள். இண்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று போகும் அந்தப் பட்டியலில் கார் ரேடியோ செய்யும் கிளாரியனும் உண்டு. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டுமென்று பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எழுப்பிய ஊர்தான் நாங்கள் இருக்கும் பாயான் பாரு. எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கித்தா மரத்தை விட்டு மைக்ராஸ்கோப்புக்கு. அக்காவுக்குக் கிடைத்தது வாகன ரேடியோக்களைக் கடைசியாகச் சோதிக்கிற மேசை. காதில் ஹெட்போன், எதிரே ஊசி ஆடும் மீட்டர், கையில் ஒன்று போனால் அடுத்தது. எட்டு மணி நேரம் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டில் ரேடியோ வைத்தால் “அதை நிறுத்துடா” என்று மட்டும் சொல்வாள். தமிழ் ஒலிபரப்பு அப்போது ரேடியோ 6, மின்னல் எஃப்.எம். என்ற பெயர் பின்னால் வந்தது. அம்மா அக்காவின் ஷிப்ட் பார்த்துத்தான் பாட்டுக் கேட்பாள்.

அந்த அக்காவிடம் கேட்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தௌக்கேயிடம் கேட்டேன், சுங்கை நிபோங்கில் டிவி ரிப்பேர் பார்த்த ஒருவரிடம் கேட்டேன், தே தாரிக் கடையில் உட்கார்ந்திருந்த யார் யாரிடமோ கேட்டேன். ஒருவர் ஸ்பீக்கர் என்றார், ஒருவர் ரேடியோவையே தூக்கிப் போடச் சொன்னார். இருபது வெள்ளிக்கு இரைச்சல் வடிகட்டி என்று ஒரு டப்பாவை வாங்கிப் பிளஸ் வயரில் போட்டேன். ஙீ கொஞ்சம் மெலிந்து ஙி ஆனது. எல்லாரும் பிளஸ்ஸையே பார்த்தோம்.

இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக அவள் கீழே வந்து நின்ற ஒரு சாயங்காலம். நான் கேசட்டைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை.

“ஏரியலைப் பிடுங்கு” என்றாள்.

“கேசட்தானே ஓடுது, ஏரியலுக்கும் இதுக்கும் என்ன?”

“பிடுங்குடா.”

பின்னாலிருந்து ஏரியல் பின்னை இழுத்தேன். பாட்டு ஒரு முறை இழுத்துப் பேசி, நின்றது. ரேடியோ விளக்கும் அணைந்தது. மறுபடி செருகினால் உயிர் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

காரில் ரேடியோவின் இரும்பு உடம்பே காரின் இரும்போடு ஒட்டியிருக்கும், எர்த் தானாகக் கிடைத்துவிடும். என் ரேடியோ பிளைவுட்டில் இருந்தது. அதற்கு ஒரே வழி கறுப்பு வயர், அந்த வயரோ பெயிண்டும் துருவும் மேலே படிந்த போல்ட்டில். மின்சாரம் வேறு வழி தேடி, ஏரியல் வயரின் மேல்பின்னல் வழியாக, கண்ணாடிக் கம்பியில் ஏறி வண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வழியில் சுருள் மின்சாரத்தின் அலையும் சேர்ந்து ஏறியது. எஞ்சின் வேகத்துக்குத் தகுந்தபடி அது பாடியது. “ஏறி இறங்கினா சார்ஜிங். டக் டக்குன்னா பிளக்” என்று அக்கா சொன்னதை இன்றுவரை தவறாமல் பயன்படுத்துகிறேன். பிறகு ஒரு மீட்டர் வாங்கி, ரேடியோவின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் அது பத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டக்கூடாது. போல்ட்டை நம்பாமல் கறுப்பு வயரை நேராக மைனஸுக்கே கொண்டுபோனேன்.

பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். விளக்கம் எல்லாம் மறுநாள் காலை அவள் தூங்கப் போகும் முன் இரண்டு வாக்கியத்தில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான கார்களுக்குக் காது கொடுத்தவள் கடைசிவரை கார் லைசென்ஸ் எடுக்கவில்லை.

அந்த ரேடியோ பிறகு மழையில் போனது. பாலத்தின் நடுவில் மழை பிடித்தால் ஒதுங்க இடம் கிடையாது.

காரிடாரிலிருந்து நான் கீழே இறங்கிப் போனேன். மருமகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஏரியல் ஏது இப்போது. போன் பாடுகிறது, ஒரு வயர் ஸ்பீக்கருக்கு, இன்னொன்று வண்டியில் பொருத்திய சார்ஜருக்கு.

“சார்ஜரைப் பிடுங்கு” என்றேன்.

“ஏன் மாமா?”

“பிடுங்குடா.”

பிடுங்கினான். முறுக்கினான். ஙீ இல்லை, பாட்டு மட்டும். போனைத் திருப்பிப் பார்த்தான்: ஒன்பது சதவீதம். இரவு ஷிப்ட் அவனுக்கு. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வயரை மறுபடி செருகி, அந்த ஙீயோடேயே ஜாலான் தெங்கா பக்கம் கிளம்பிப் போனான்.