வேதசாட்சியும் அலங்கார வளைவும்

"சேர், சங்கிலி மன்னன் நல்லவனோ, கெட்டவனோ?"

யாழ்ப்பாண அரசர் காலத்துத் தமிழிலக்கியத்தைத் தரம் பத்து மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், பின்வாங்கில் இருந்த பையனொருவன் எழுந்து இப்படிக் கேட்டான். நான் வாய் திறக்குமுன் முன்வாங்குப் பெண்ணொருத்தி முந்திக்கொண்டாள்: "எங்கட சனத்தை வெட்டினவன்." பையன் விடவில்லை. "பறங்கியிட்டை இருந்து நாட்டைக் காத்தவர்" என்றான். அவள் வேதக்காரி, அவன் சைவன். அடம்பனைச் சூழ்ந்த ஊர்களில் இரு சாராரின் வயல்களுக்கும் நீர் தருவது ஒரே கட்டுக்கரைக்குளந்தான். ஆயினும் அந்தக் கணத்தில் வகுப்பு நடுவே ஒரு வரம்பு எழுந்துவிட்டதைக் கண்டேன். நல்லவேளையாக மணி அடித்தது. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை வைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் நான். அதற்கு முன்பே, அப்பம்மாவின் மடியிலிருந்து மன்னார் வேதசாட்சிகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கதையில் சங்கிலிக்கு முகமே கிடையாது. ஒரு வாள் மட்டுமே உண்டு. ஆனால் ஆசிரியன் வாளுக்கு ஒரு காரணமும் சொல்லியாக வேண்டும் அல்லவா?

நடந்தது இதுதான். 1530களில் தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்புப் பரதவர், போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ்கு சவேரியாரின் புகழ் கடல் கடந்து மன்னாருக்கும் எட்டியது. மன்னார்த் தீவின் மக்கள் அவரை அழைத்தனர். தாம் வர இயலாத நிலையில் அவர் தம் சார்பில் ஒரு குருவை அனுப்பினார். அறுநூறுக்கு மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். 1519 முதல் 1561 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட முதலாம் சங்கிலி, 1544இன் பிற்பகுதியில் படையுடன் தீவுக்கு வந்து அவர்களைக் கொன்றான். மறுதலித்தால் பிழைக்கலாம் என்று சொல்லப்பட்டும் அவர்கள் மறுதலிக்கவில்லை என்பது தலைமுறைகளாக எங்கள் மக்கள் சொல்லிவரும் செய்தி. தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களது நினைவைத் தாங்கி நிற்கிறது.

சங்கிலியின் கண்ணுக்கு அந்தத் திருமுழுக்கு எப்படிப்பட்டிருக்கும்? எதிர்க்கரையில் சிலுவை ஏறிய இடமெல்லாம் போர்த்துக்கேயக் கொடியும் ஏறியதை அவன் அறிந்திருந்தான். மன்னார்க் கடலோ முத்து விளையும் கடல். தன் குடிகள் இன்னொரு மன்னனின் குடைக்கீழ் போகிறார்கள் என்று அவன் அஞ்சியதில் வியப்பில்லை. 1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து மன்னாரைக் கைப்பற்றியபோது அவ்வச்சம் வீணன்று என்பதும் வெளிப்பட்டது. ஆனால் அரசனின் அச்சத்துக்கு விலையாகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் யார்? கரைவலையும் சுழியோட்டமும் அறிந்த ஏழை மக்கள். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. நாடு காத்தல் என்ற சொல் அந்தப் படுகொலையை நியாயமாக்கிவிடாது. சங்கிலியன் பெயரால் நல்லூரிலே சிலை நிற்கட்டும். வகுப்பறையில் இந்த உண்மையும் நிற்கவேண்டும்.

இனி, எங்கள் வேதக்காரர் விரும்பிக் கேளாத பகுதி. 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இந்தப் படுகொலையைக் குறிப்பிடுகிறார். அதோடு அவர் நிற்கவில்லை. யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்புமாறு போர்த்துக்கேய ஆட்சியாளரிடம் முறையிட்டார். நாகபட்டினத்தில் அதற்கான ஆயத்தமும் நடந்தது. பெகுவிலிருந்து வந்த சரக்குக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் பொருள் சங்கிலியின் கைக்குப் போயிற்று. அந்தச் சரக்கை மீட்கும் கவலை முன்னே வர, படையெடுப்புக் கைவிடப்பட்டது. அறுநூறு உயிரின் நிறையைச் சரக்கு மூட்டையோடு தராசில் வைத்தவர்கள், அந்த மக்கள் நம்பியிருந்த அதே பாதுகாவலர்கள்தாம்! போர்த்துக்கேயர் ஆட்சி வந்த பின் திருக்கேதீச்சரம் இடிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது சைவர்களின் நெஞ்சில் ஆறாத வடு.

அதிகாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் விசுவாசத்துக்கு அதிகத் துணிவு தேவையில்லை. எங்கள் விசுவாசம் தன் உண்மையான துணிவைக் காட்டியது அதிகாரம் கைவிட்ட பிறகுதான் என்பது என் கருத்து. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுத்தால் மரணதண்டனை என்று பறைசாற்றினர். கோயில்கள் பறிபோயின. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுவழியே போய் மருதமடுவில் தங்கின. குருவில்லை, பூசையில்லை, செபமாலையும் வாய்வழி மந்திரமும் மட்டுமே. சுற்றிலும் யானை, காய்ச்சல், வரட்சி.

பதினேழு ஆண்டுகளின் பின், 1687இல், கோவையைச் சேர்ந்த யோசவ்வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் இலங்கையில் இறங்கினார். இந்தக் கோவை கொங்கு நாட்டது அன்று. மேற்குக் கரையிலுள்ள கோவா. அவருக்குப் பின்னே கப்பற்படையில்லை. தமிழ் கற்றார், பிச்சைக்காரனைப்போல் வீடுவீடாகத் திரிந்தார், இரவிலே பூசை வைத்தார். 1692இல் கண்டியில் ஒற்றனென்று சிறைப்பட்டார். 1697இல் அந்நகரைப் பெரியம்மை வாட்டியபோது, பெற்றவர்களே விட்டோடிய நோயாளரைத் தூக்கிவந்து கழுவிச் சோறூட்டியவர் அவர். சமயம் கேட்டுச் சோறூட்டவில்லை. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்து, அன்று மாலையே மடுவுக்கும் வந்தார்.

அந்த மடு எங்கள் தலைமுறைக்குப் பழங்கதையன்று. 1999 நவம்பர் 20இல் அங்கு அடைக்கலம் புகுந்திருந்த அகதிகள்மீது எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் மாண்டனர். 2008 ஏப்ரலில் குருமார் சுரூபத்தை மீண்டும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போயினர். அவ்வாண்டில் நாங்களும் அடம்பனை விட்டு மூட்டையோடு நடந்தவர்களே. 1985 ஜனவரி 6இல் வங்காலையில் மேரி பஸ்தியான் அடிகள் சுட்டுக்கொல்லப்பட்டதை அப்பம்மா 1544இன் தொடர்ச்சியாகவே சொல்வா. 2011 ஜனவரியில் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன்னே, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்ததென்று கணக்குக் காட்டிக் கேட்டார். மற்றவர்கள் மூச்சுவிடவும் அஞ்சியிருந்த காலம் அது. அந்தச் செய்தியைப் படித்த நாளில், சாட்சி என்ற சொல்லுக்கு நான் அதுவரை கொண்டிருந்த பொருள் சிறிதென்று உணர்ந்தேன்.

பிறகு வந்தது 2019 மார்ச் 3. சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வீதிமுகப்பில் சைவ அடியார்கள் அமைத்துக்கொண்டிருந்த அலங்கார வளைவை வேதக்காரர் கூட்டமொன்று பிடுங்கி எறிந்தது. அருகே எங்கள் கோயில் இருக்கிறது என்பது அவர்களின் வாதம். எந்த மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் தெய்வத்தை ஒளித்துக்கொண்டு ஓடினவோ, அதே மாந்தையில் நின்று எங்கள் கைகள் இன்னொருவரின் வழிபாட்டை இழுத்து வீழ்த்தின. அன்று சிலர் அதை விசுவாசத் துணிவு என்றனர். எண்ணிக்கையில் மிகுந்தவன் குறைந்தவனின் தோரணத்தைப் பிடுங்குவதற்கு எந்தத் துணிவு வேண்டும்? மறுநாள் ஆசிரியர் அறையில் சைவ நண்பரொருவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீர்க் கோப்பையோடு வெளியே போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைப் பல நாள் சுமந்தேன்.

பையனின் கேள்விக்கு மறுநாள் இவையெல்லாவற்றையும் சொன்னேன்: சங்கிலியின் அச்சம், அவன் செய்த கொலை, கப்பற் சரக்கு, கோட்டைக் கற்கள், மருதமடு, வளைவு. முன்வாங்குப் பெண் தலைகுனிந்திருந்தாள். பையன் குறிப்பெடுத்துக்கொண்டான். இரண்டு நாளில் ஒரு தகப்பனார் வந்து, "சேர், நீங்கள் எங்கட ஆளாய் இருந்துகொண்டு..." என்று தொடங்கினார். அரைமணி நேரம் பேசினோம். அவர் உடன்பட்டுப் போகவில்லை, கோபித்தும் போகவில்லை.

சில வாரங்களின் பின் வேதசாட்சிகளின் நினைவுக் கூட்டமொன்றில் பேச அழைத்தனர். நான்கு தாள் எழுதிக்கொண்டு போனேன். நான்காம் தாளில் இருந்தது வளைவைப் பற்றிய பகுதி. முன்வரிசையில் வெள்ளைச் சேலையோடு கிழவிகள், என் அப்பம்மாவின் வயதினர், கண்ணீரோடு அமர்ந்திருந்தனர். மூன்று தாளை வாசித்தேன். நான்காவதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

திங்கட்கிழமை பையன் வாசலிலேயே மறித்தான். "சேர், அங்கை வளைவைப் பற்றியும் சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வகுப்புக்குள் போய்த் தன் இடத்தில் இருந்தான். அந்த நான்காம் தாளையே இந்தக் கட்டுரைக்குள் சேர்த்து எழுதியிருக்கிறேன். இதழ் வந்ததும் முதற் பிரதியை அவனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.