பிரித்துப் பார்த்தவர்

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில், 1903-இல் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் சுருளாக விற்றுவந்த தார்க் கூரைத்தாளைத் துண்டுகளாக வெட்டி ஓடுபோல் அடிக்கத் தொடங்கினார். மர ஓடு வேய்ந்த வீடுகள் தீக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம். 1916-இல் தீக்காப்பீட்டாளர்களின் தேசிய வாரியமே மர ஓட்டை ஒழிக்கக் கிளம்பியது. இன்று அமெரிக்கக் குடியிருப்புத் தெருக்களில் நிமிர்ந்து பார்த்தால் பெரும்பாலும் அந்தத் தார்த்தாள் ஓடு, அதாவது ஷிங்கிள்தான்.

அதே நகரின் புறத்தே, வீட்டை ஒட்டிய கார் கொட்டகையின் கூரையைத் தானே மாற்றத் துணிந்த ஓர் ஆலைத் தொழிலாளியைப் பார்க்கப் போயிருந்தேன். உதவிக்கு அவருடைய மைத்துனர் வந்திருந்தார். இளவயதிலிருந்து கூரை வேலையே பிழைப்பு அவருக்கு.

கணக்கு நம்மூர்க் கொத்தனார்கள் போடும் அதே சதுரக் கணக்கு. ஒரு சதுரம் நூறு சதுர அடி. அதற்கு மூன்று கட்டு ஷிங்கிள். இந்தக் கூரையின் ஏழு சதுரத்துக்கு 21 கட்டு. கட்டுக்கு முப்பது கிலோ தேறும். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏணிப்படி மிதிக்கிறவர்களின் முழங்கால்களைப் பற்றி எந்த விலைப்பட்டியலும் பேசுவதில்லை.

முதலில் பழையதைப் பிரித்தார்கள். முனையில் பல் வைத்த மண்வாரியை முகட்டிலிருந்து கீழ்நோக்கிச் செலுத்த, ஷிங்கிள் ஆணியோடு பெயர்ந்து வந்தது. வீட்டுக்காரர் வேகமாக வாரித் தள்ளினார். மைத்துனர் அடிக்கடி நின்று, வெளிப்பட்ட பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். வீட்டுச் சுவரைக் கூரை தொடும் இடத்தில் பலகை கறுத்து, பாதம் அமுங்கியது. “பழைய ஆள் இங்கே நீளத் தகரம் ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பார்” என்று காட்டினார். அவருடைய படிப்பு எங்கே நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புதிதாக வேய்கிறவனுக்குத் தன் பிழை தெரியப் பல வருடம் ஆகும். பிரிக்கிறவனுக்கு முன்னால் வந்தவனின் பிழை அன்றே தெரிந்துவிடும்.

இற்ற பலகையை மாற்றினார்கள். இறவாணத்தில் தகர விளிம்பு அடித்து, அதன்மேல் பனிநீர் கசியாத ஒட்டுப்படலம் விரித்தார்கள். மிச்சிகன் குளிரில் இறவாணத்து நீர் உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியில் மேலேறும். அதற்கான காப்பு இது. மிச்சப் பரப்புக்கு அடித்தாள் விரித்து, நூல் அடித்துக் கோடு போட்டார்கள்.

பிறகு கீற்று வேய்வதைப் போலவேதான்: கீழிருந்து மேலே, இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி, மேல் வரிசை கீழ் வரிசையின் ஆணித்தலைகளை மூடிக்கொண்டு. ஷிங்கிளுக்கு நான்கு ஆணி. காற்று பலமாக அடிக்கும் ஊரில் ஆறு. ஆணி அதற்கென உள்ள கோட்டில் இறங்கினால் அடி வரிசையின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். நெயில் கன்னின் காற்றழுத்தம் கூடினால் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்து உள்ளே போகும்; குறைந்தால் துருத்தி நின்று மேலே வருவதைத் தூக்கும். உச்சிவெயிலுக்கு முன்பே வீட்டுக்காரருக்கு இது கைவந்துவிட்டது. பரப்பை மூடுவதைப் பொறுமையுள்ள யாரும் கற்கலாம் என்றே நினைக்கிறேன்.

சுவரோரத்தை மட்டும் மைத்துனர் விட்டுக்கொடுக்கவில்லை. எல் வடிவில் மடித்த தகரத் துண்டு, வரிசைக்கு ஒன்று. ஒரு மடிப்பு ஷிங்கிளின் மேல் படிய, மறு மடிப்பு சுவர்ப்பலகைக்குப் பின்னால் ஏறியது. அடுத்த ஷிங்கிள் அதை மூடியது. அதன்மேல் அடுத்த துண்டு. சுவரில் வழியும் நீர் ஒவ்வொரு படியிலும் ஷிங்கிளின் மேற்பரப்புக்கே தள்ளப்படும். கீழ்க்கோடியில், இறவாண முனையில் வெளிப்பக்கம் வளைத்த ஒரு தகரம், நீரைச் சுவரை விட்டு விலக்கி மழைநீர்க் காலுக்குள் திருப்பியது. முன்பு இல்லாமல் போனது இந்த இரண்டும்தான். பலகை இற்றது அதனால்தான்.

மைத்துனர் இடுப்பிலும் தோளிலும் பட்டை கட்டி, கயிற்றை முகட்டில் திருகிய கொக்கியில் மாட்டியிருந்தார். ஆறடிக்கு மேல் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளிக்கு விழாமல் காக்க ஏற்பாடு வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சொந்த வீட்டுக் கூரையில் ஏறுகிறவரை அது கட்டுப்படுத்தாது, காப்பதும் இல்லை. அந்நாட்டில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமான தொழில்களுள் கூரை வேலையும் ஒன்று. கூலி மிச்சம் என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அடுத்த கோடையில் வீட்டின் பெரிய கூரையையும் தானே மாற்றப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். மைத்துனர் அதன் செங்குத்தான சரிவை நிமிர்ந்து பார்த்தார். “பழையதை வாரிக் கொட்டு, கட்டு எடுத்துக் கொடு. மேலே நானும் என் ஆட்களும் போகிறோம். நீ தரையில் நில்.”