பரிசல் நீரிறங்கிய நாள்

எங்கள் ஊர் ஜவளகிரி. தளிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டி, காடு சூழ்ந்த மேட்டுநிலச் சிற்றூர் அது. ராகியும் அவரையும் அங்கு விளையும். இரவில் யானை வரும். ஏரி, குட்டைகள் உண்டெனினும் படகு செல்லும் ஆறு எதுவும் ஊர்ப்பக்கத்தில் இல்லை. ஆதலின் இளமையில் நான் படகைப் படத்திலேதான் கண்டிருந்தேன். அப்படங்களிலெல்லாம் பாய்மரம் ஓங்கி நிற்கும். வெண்பாய் காற்றில் புடைத்திருக்கும். பாயும் மரமும் இல்லாத, முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடும் இல்லாத படகு ஒன்று, எங்கள் மலைக்காடுகள் சரிந்து முடியும் காவிரிக் கரையிலேயே உண்டு என்பதை வளர்ந்த பின்னரே அறிந்தேன்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக மலைச்சாலையில் இறங்கினால் ஒகேனக்கல்லை அடையலாம். கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. ‘கல்’ நம் கல்லேதான். பாறைமீது விழும் நீர் துகளாகிப் புகைபோல எழுதலின் இப்பெயர் அமைந்தது. அங்குப் பரிசல் ஓட்டி வாழும் குடும்பம் ஒன்று என் நண்பருக்கு நெருங்கிய பழக்கம். ஓர் ஆண்டு, ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னர், அவர்கள் வீட்டு முற்றத்தில் புதுப்பரிசல் ஒன்று உருவாவதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

பெரியவர் ஒருவர், அவர் மகன், மருமகள், பத்து வயதுப் பேரன் ஆகிய நால்வரும் அதில் ஈடுபட்டிருந்தனர். மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னினார்கள். அடித்தளம் அமைந்ததும் அதன் நடுவே கனத்த கற்களை ஏற்றினார்கள். நடு அழுந்தி நிற்க, ஓரங்களை மேல்நோக்கி வளைத்து, விளிம்பை முறுக்கிக் கட்டினார்கள். ஏறத்தாழ ஏழடி அகலமுள்ள பெருங்கூடை ஒன்று மாலைக்குள் எழுந்தது. ஆணி ஒன்றுகூட அதில் இல்லை. பின்னர் அதைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் சாக்கை இழுத்துப் போர்த்து, காய்ச்சிய தாரை மேலே பூசினர். “என் தகப்பனார் காலத்தில் மாட்டுத்தோல்தான் போர்த்துவோம், தம்பி. தோல் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும். சாக்குக்கு அந்தத் தொல்லை இல்லை,” என்றார் பெரியவர். பழமையைப் பிரிந்த வருத்தத்தை அவர் முகத்தில் தேடினேன், சிறிதும் காணவில்லை!

இத்தகைய படகு நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 1520 ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான டோமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்த வட்டப்படகுகளைக் கண்டு, அவை நேராகச் செல்லாமல் சுழன்றுகொண்டே போவதைக் குறித்துவைத்தார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்க அறிஞர் எரொடோட்டசு சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவரும் வட்டப்படகு ஒவ்வொன்றிலும் ஒரு கழுதையும் ஏறி வருமாம். ஆற்றை எதிர்த்து அப்படகு திரும்ப இயலாது. ஆகவே சரக்கோடு படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமீது ஏற்றிக்கொண்டு வணிகர் நடந்தே ஊர் திரும்புவராம். இதை நான் சொன்னபோது பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆடிப்பெருக்கன்று விடியும் முன்பே ஆற்றங்கரையில் கூட்டம் திரண்டுவிட்டது. ஆண்டில் நல்ல வருவாய் கிட்டும் நாட்களுள் அதுவும் ஒன்று. மஞ்சளும் குங்குமமும் தேங்காயும் தட்டில் வைத்தாயிற்று. இறுதியாக ஒரு சோதனை மட்டும் எஞ்சியிருந்தது. கவிழ்த்த பரிசலுக்குள் பேரன் நுழைந்துகொள்ள, ஓரங்களில் வெளிச்சம் புகாதபடி மண்ணை அணைத்தார்கள். எங்கேனும் ஓட்டை இருந்தால், மேலே அடிக்கும் வெயில் உள்ளே ஒளிப்புள்ளியாகத் தெரியும். சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, “தாத்தா, ஒன்று தெரிகிறது!” என்ற குரல் கேட்டது.

தாயும் தந்தையும் மாறி மாறி நுழைந்து பார்த்தனர். ஒன்றும் தெரியவில்லை என்றனர். “கடுகளவு இருந்தால்தான் என்ன, அப்பா? கூட்டம் காத்திருக்கிறது. மாலையில் அடைத்துக்கொள்வோம்,” என்றார் மகன். பெரியவர் மறுமொழி கூறவில்லை. பேரன் கைகாட்டிய இடத்தில் சாக்குத்துண்டு ஒன்றை ஒட்டி, மீண்டும் தாரைக் காய்ச்சிப் பூசினார். அது இறுகும்வரை பரிசல் கரையிலேயே கிடந்தது.

நண்பகலில் வேறொரு செய்தி வந்தது. மேலே பிலிகுண்டுலுவில், கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கின்றனர். வினாடிக்கு இத்தனை கன அடி என்ற அந்தக் கணக்கு கூடினால், சில மணி நேரத்தில் ஒகேனக்கல்லில் பாறைகள் மூழ்கும். அன்று கணக்கு கூடியிருந்தது. பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஆறு செந்நிறமாகிப் பெருகத் தொடங்கியது.

“காலையில் இறக்கியிருந்தால் நான்கு நடையாவது ஓட்டியிருக்கலாம்,” என்றார் மகன். அவர் யாரை நோக்கியும் அதைச் சொல்லவில்லை. புதுப்பரிசலுக்கு வாங்கிய கடன் அவர் நெஞ்சில் இருந்தது போலும். பேரன் திண்ணையோரம் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தான். நான் அருகே சென்றபோது, “ஐயா, நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ?” என்று மெல்ல வினவினான். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. நான்கு நடையின் கூலி அக்குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை இரண்டு நாட்களில் கண்டிருந்தேன் அல்லவா?

வெள்ளம் வடியப் பல நாட்கள் ஆயின. தடை நீங்கியது கேட்டு மீண்டும் சென்றேன். அன்று பரிசலை மகன் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிவர, மருமகள் கற்பூரம் ஏற்ற, நீரில் இறக்கினார்கள். முதல் நடையில் கூலிக்கு ஆள் ஏற்றுவது அவர்கள் வழக்கமன்று. உயிர்காப்பு அங்கி அணிந்து நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். மகன் துடுப்பை முன்னே நீட்டித் தம் பக்கமாக வலித்தார். பயஸ் சொன்னது பொய்யன்று. கரை, பாறை, எதிர்க்கரைக் கர்நாடகக் காடு யாவும் எங்களைச் சுற்றி வந்தன.

ஆழமான இடத்தை அடைந்ததும், “உன் புள்ளி எங்கேயடா?” என்றார் பெரியவர். பேரன் குனிந்து, மூங்கில் பட்டைகளின் இடையே விரலை நுழைத்துத் தடவினான். விரலை எடுத்துத் தாத்தாவிடம் காட்டினான். அதில் ஈரம் இல்லை. துடுப்பு வலித்துக்கொண்டிருந்த தந்தையும் திரும்பி அந்த விரலைப் பார்த்தார். பிறகு பரிசலைக் கரைப்பக்கம் திருப்பினார். அங்கே பயணிகள் காத்திருந்தார்கள்.