ஊட்டி குளிரும் ஒரு குட்டி பேட்டரியும்!

டிசம்பர், ஜனவரி வந்தாலே ஊட்டியில உறைபனி சீஸன். விடியற்காலை தலைகுந்தா புல்வெளி, வெள்ளை வேட்டியை விரிச்சுப் போட்ட மாதிரி கிடக்கும். அதைப் பார்க்க கோவை, திருப்பூர், ஈரோடு காலேஜ் பட்டாளம் பைக்கை முறுக்கிக்கிட்டு கிளம்பிடும். ஜெர்க்கின் ரெடி, க்ளவுஸ் ரெடி, மங்கி குல்லா ரெடி. பேட்டரி ரெடியான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்லை!

மேட்டுப்பாளையம் தாண்டினா கல்லாறு, ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. அங்கிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறுல ஒரு டீ அடிச்சுட்டு மேலே ஏறினா, மேகம் ரோட்டுல இறங்கி கை குலுக்கும். பட்டப்பகல்லயே ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாத்துக்கும் வேலை. அப்படியே ஏறி 2,240 மீட்டர் உயரத்துல ஊட்டி. ராத்திரி லாட்ஜ் வாசல்ல பைக்கை நிறுத்திட்டு, ரெண்டு போர்வைக்குள்ள நீங்க சுருண்டுடுவீங்க. பைக்?

காலையில சீட் மேல பனி. செல்ஃபை அமுக்கினா 'டிக்... டிக்...' அவ்வளவுதான்! குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கிற ரசாயன வேலை மந்தமாயிடும். ஜீரோ டிகிரி பக்கம் போனா அதோட சக்தியில ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமப் போயிடும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி, சுத்தறதுக்கு அதிக பலம் கேட்கும். நல்ல பேட்டரி சமாளிச்சுக்கும். ஏற்கெனவே சோர்ந்துபோனது படுத்துடும்.

'தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம் மச்சி'ங்கறது அந்தக் கால வசனம். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. பல மாடல்கள்ல கிக்கரே கிடையாது. பேட்டரியில கொஞ்சம் உயிர் இருந்தா, ரெண்டாவது கியர்ல தள்ளிப் பார்க்கலாம். சுத்தமா செத்திருந்தா பெட்ரோல் பம்பே ஓடாது. தள்ளித் தள்ளி உங்களுக்குத்தான் வேர்க்கும்!

அதனால, வேலை ஊட்டியில இல்லை பாஸ், ஹாஸ்டல்லயே ஆரம்பிக்குது. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பைக் சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு மெக்கானிக்கிட்ட மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. 12.6 வோல்ட்டுக்கு மேலே காட்டினா ஜாலி. 12.4-க்குக் கீழேன்னா சார்ஜ் போடணும். 12-ன்னா கிட்டத்தட்ட காலி.

சார்ஜ் போடறதுல அவசரம் ஆகாது. பேட்டரி மேலே எழுதியிருக்கிற ஆம்பியர்-ஹவர்ல பத்துல ஒரு பங்குதான் கணக்கு. 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அரை ஆம்பியர். கழட்டும்போது மைனஸ் வயர் முதல்ல, மாட்டும்போது ப்ளஸ் முதல்ல. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காத்தோட்டமான இடம் வேணும், பக்கத்துல தம், தீக்குச்சி கூடவே கூடாது. மூடி திறக்கற டைப்னா மேல் கோடு வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க. மினரல் வாட்டரும் வேணாம், ஆசிட்டும் வேணாம். சீல் வெச்ச டைப்பை நோண்டவே நோண்டாதீங்க. டெர்மினல்ல பூத்திருக்கிற உப்பைச் சுத்தம் பண்ணி, இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவினா போதும்.

மேலே போனதும் காலை வெயில் படற இடமாப் பார்த்து நிறுத்துங்க. சாவியைத் திருப்பி, பம்ப் 'விர்ர்'னு ஓடி அடங்கினதும் செல்ஃப். அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க. கொஞ்சம் விட்டு மறுபடி.

இறங்கும்போதுதான் சிலர் வீரம் காட்டுவாங்க. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டறது. இன்ஜின் பிரேக்கிங் போச்சு. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பைக்னா, இன்ஜின் நின்னதும் பொதுவா ஹெட்லைட்டும் போச்சு. பனிமூட்டத்துல எதிரே வர்ற பஸ் டிரைவருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. ரெண்டாவது கியர், எரியற லைட், வளைவுக்கு வளைவு ஹாரன்... இதுதான் மலைப்பாதை மரியாதை.

ட்ரிப் முடிஞ்சு செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? ஒரு மாசம் பைக் சும்மா நிக்கும்னா மைனஸ் வயரைக் கழட்டிட்டுப் போங்க. அடுத்த உறைபனிக்கும் அதே பேட்டரி கூட வரும்!