எங்கள் ஆயாவின் செபமாலை

புனித பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் லோயி என்னும் மூதாட்டியின் பெயர் வருகிறது. அவர் திமொத்தேயுவின் பாட்டி. கிரேக்க மூலத்தில் பாட்டியைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் காணப்படுகிறது. ஓர் இளம் சபைத் தலைவரின் விசுவாசம் எங்கே வேரூன்றியது என்று சொல்ல வந்த பவுல், அவருடைய பாட்டி வீட்டைச் சுட்டிக்காட்டினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் தம் பாட்டி ரோசா எழுதிவைத்த இறுதி மடலைத் தமது திருப்புகழ்மாலை நூலினுள் வைத்துப் பேணிவந்தார். தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமென ஓர் உலக நாளை 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தியவரும் அவரே.

எங்களுக்கும் ஒரு லோயி வாய்த்திருந்தார். ஊத்தங்கரைப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றே அழைப்போம். மழையை நம்பிய நிலக்கடலைக் காடும் கேழ்வரகுக் கொல்லையும் வரப்போரத்துப் புளியமரங்களுமே ஆயாவின் உலகம். எழுத்தறியாதவர். சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானபோது அவர் சிறுமி. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமும் ஆயிற்று. "நான் இந்தத் திண்ணையை விட்டு நகரல. ஜில்லாவும் மேற்றிராசனமும்தான் நகர்ந்துகிட்டே இருக்கு" என்பார்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் எங்கள் பெரியப்பா வேலை தேடி அங்கே போனார். பின்பு தெலுங்கு பேசும் குடும்பத்தில் பெண் எடுத்தார். மொழி தெரியாத மருமகளோடு எப்படிக் காலம் தள்ளுவீர்கள் என்று அக்கம்பக்கத்தார் அங்கலாய்த்தார்கள். "அவ தெலுங்குல திட்டுறா, நான் தமிழ்ல திட்டுறேன். ரெண்டு பேருக்கும் மனசு ஆறிடுது, ஒருத்தருக்கும் வலிக்கல" என்றார் ஆயா. குடும்ப வாழ்வு பற்றிய கருத்தரங்குகள் பலவற்றில் நாம் அமர்ந்திருக்கிறோம். இதைவிடத் தெளிவான பாடத்தைக் கேட்டதில்லை.

தவக்காலமும் புளி தட்டும் பருவமும் எங்கள் ஊரில் ஒன்றாகவே வரும். முற்றத்தில் வட்டமாக அமர்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்போம். ஒருசந்திக்காக நாங்கள் முகத்தைச் சுளித்தால், "புளியைத் தின்னவன் மாதிரி இருக்காதடா, தவக்காலந்தான், எழவு வீடில்ல" என்பார். நோன்பிருக்கும்போது முகவாட்டம் வேண்டாம் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொன்னதைப் பின்னாளில் குருமடத்தில் பயின்றபோது, ஏற்கெனவே கேட்ட பாடமாகவே இருந்தது. நாம் குருப்பட்டம் பெற்றபின் ஒருநாள், நம்மிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டார். "சின்ன வயசுல உன்னை அடிச்ச அடியெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு அபராதம் போடுவே" என்பது காரணம்.

ஆனால் ஆயாவை வெறும் வேடிக்கைக்காரராக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. எங்களுக்குப் பத்து வயதிருக்கும். அவருடைய கடைக்குட்டி மகன், எங்கள் சித்தப்பா, மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த அன்றிரவும் ஆயா விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்கினார். முதல் பத்து மணி முடிந்து மூவொரு இறைவன் புகழ் சொல்லவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பார்த்த அப்பா, தாமே அதைச் சொல்லி முடித்தார். ஐந்து பத்து மணிக்கும் அப்படியே. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. தவக்காலத்தில் பூசையில் வானவர் கீதம் பாடாததுபோல இதுவும் ஏதோ ஒழுங்கு என்று சிறுவர்கள் நாங்கள் நினைத்துக்கொண்டோம். உயிர்ப்புப் பெருவிழா வந்து போயிற்று. ஆயா வாய் திறக்கவில்லை.

உபதேசியார் வந்து பக்குவமாகக் கேட்டார். "அவரோட பேசாம இல்லையே ஐயா, தினம் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டதைக் கொடுத்தா உடனே புகழலாம். கேக்காமலே எடுத்துக்கிட்டவரைப் புகழணும்னா கொஞ்சம் நாளாகும்" என்றார் ஆயா. உபதேசியார் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

திருப்பாடல் 88 இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல் பாடல்களைப்போல் இறுதியில் நன்றியும் புகழும் அதில் இல்லை. அத்தகைய பாடலைத் திருச்சபை ஏன் தன் செபத்தில் வைத்திருக்கிறது என்று வகுப்பில் நீண்ட விவாதம் நடந்தபோது, நமக்கு ஆயாவின் மூடிய வாய்தான் நினைவுக்கு வந்தது. நம்பிக்கையற்றவர் செபமாலையையே கீழே வைத்திருப்பார். ஆயா ஒரு மணியையும் விடவில்லை. மனம் ஒப்பாத சொல்லை மட்டும் அவரிடம் பொய்யாகச் சொல்ல மறுத்தார்.

இன்று நம் பங்கில் விடியுமுன்னே இளையோர் பலர் கம்பெனிப் பேருந்துகளில் ஏறிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுப்பவர்கள் பாட்டிமார்களே. அவர்களுள் சிலர் தாம் பெற்ற மகனை அடக்கம் செய்தவர்கள். "சாமி, செபம் செய்ய மனசே வரமாட்டேங்குது" என்று அவர்கள் சொல்லும்போது நாம் மறையுரை ஆற்றுவதில்லை. ஆயாவின் கதையைச் சொல்கிறோம்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை. அன்று பகலில்தான் ஆயா பெரியம்மாவோடு இரு மொழிகளிலும் பெருஞ்சண்டை போட்டு ஓய்ந்திருந்தார். வெளியே மழை, திண்ணையை விட்டு உள்ளே பாய் விரித்திருந்தோம். மூன்றாம் பத்து மணியின் முடிவில் அப்பா வழக்கம்போல் வாய் திறப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டு மூவொரு இறைவன் புகழைச் சொன்னார். குரலில் மாற்றமில்லை. பதில் சொல்லவேண்டிய அப்பாவுக்குத்தான் குரல் எழவில்லை. ஆயா சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு, தூங்கி விழுந்துகொண்டிருந்த எங்களில் ஒருவனின் தொடையை நறுக்கென்று கிள்ளிவிட்டு, நான்காம் மறையுண்மையைத் தொடங்கினார்.