காதலே இல்லாத கதை விற்குமா?

ஒரு சின்னக் கணக்கு. கடைசியாகப் படித்த 5 நாவல்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனையில் காதல் இருந்தது? துப்பறியும் கதையா, துப்பறிபவருக்கு ஒரு காதலி உண்டு. பேய்க்கதையா, பேய்க்கு ஒரு பழைய காதலன் உண்டு. ராக்கெட் ஏறி விண்வெளிக்கே போனாலும் பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பருப்பில்லாமல் கல்யாணமா என்பது போல, காதல் இல்லாமல் கதையா என்று ஆகிவிட்டது.

சரி, இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். வாழ்க்கையில் இதுவரை யார் மீதும் காதல் வராத ஒருவர் அதே 5 நாவல்களைப் படிக்கிறார் என்று வையுங்கள். அவர் தன்னை எந்தப் பக்கத்தில் தேடுவார்?

அப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். யார் மீதும் பாலியல் ஈர்ப்பு தோன்றாதவர்களை ஏசெக்ஷுவல் என்கிறார்கள். காதல் உணர்வு தோன்றாதவர்களை ஏரோமாண்டிக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்குக் காதல் வரும், உடல் ஈர்ப்பு வராது. இன்னொருவருக்கு நேர் எதிர். இரண்டுமே இல்லாதவர்களும் உண்டு. எப்போதாவது, யாரோ ஒருவரிடம் மட்டும் தோன்றுகிறவர்களும் உண்டு. இதைப் பிரம்மச்சரியத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரம்மச்சரியம் ஒரு விரதம், பசியை அடக்குவது. இங்கே அந்தப் பசியே எடுப்பதில்லை, அவ்வளவுதான். நோயும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை. "உனக்கு ஏத்த ஆள் இன்னும் கிடைக்கல" என்று சொல்லி முடித்துவிடுகிற சமாச்சாரமும் இல்லை.

இந்த மாதிரி ஆட்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கத் தொடங்கியதே சமீபத்தில்தான். அமெரிக்காவில் டேவிட் ஜே என்ற கல்லூரி மாணவர் 2001ல் ஏவென் என்ற இணைய அமைப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் பலருக்குத் தங்களைச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைத்தது. ஆனால் வார்த்தை வருவதற்கு முன்பே ஒரு நாவல் வந்துவிட்டது. அது வந்த கதையே ஒரு நாவல் மாதிரி இருக்கும்.

கெரி ஹ்யூம் நியூசிலாந்துக்காரர். 1947ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். மாவோரி வம்சாவளியும் உண்டு. சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர், புகையிலை பறிக்கும் வேலை உள்பட என்னென்னவோ வேலைகள் பார்த்துக்கொண்டே, வருடக்கணக்காக ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். பெயர் தி போன் பீப்பிள். நாயகி கெரவின் ஒரு ஓவியர். கடலோரத்தில் தனக்குத் தானே கட்டிக்கொண்ட கோபுரத்தில் தனியாக இருக்கிறாள். பேச்சு வராத சிறுவன் ஒருவன் அங்கே வந்து சேர்கிறான். பின்னாலேயே அவனை வளர்க்கும் ஜோ வருகிறான். இந்த இடத்தில் வழக்கமான நாவல் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஜோவும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். ஆனால் கெரவின் தனக்கு ஆண், பெண் யாரிடமும் அந்த நாட்டமே இருந்ததில்லை என்று சொல்லிவிடுகிறாள். கடைசிவரை அவள் மாறுவதும் இல்லை. மூன்று பேரும் ஏதோ ஒரு விதத்தில் குடும்பம் ஆகிறார்கள், ஆனால் அது காதலால் வந்த குடும்பம் இல்லை. (லேசான கதை என்று நினைத்துக் கையில் எடுத்துவிடாதீர்கள். சிறுவன் மீது நடக்கும் வன்முறை படிக்கவே முடியாத அளவுக்கு இருக்கும்.)

இதைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார் ஹ்யூம். ரொம்பப் பெரிது, ரொம்ப வித்தியாசம் என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டிச் சுருக்கினால் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். கெரவினுக்குக் காதல் வராததுதான் தடை என்று யாரும் சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் கையில் ஒரு அளவுகோல் இருந்தது. இந்தப் புத்தகம் எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் அதற்குள் அடங்கவில்லை. வெறுத்துப்போன ஹ்யூம், மொத்தக் கையெழுத்துப் பிரதியையும் ஒரு பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்து வைத்துவிடலாம் என்ற முடிவுக்கே போய்விட்டார்.

அப்போதுதான் ஸ்பைரல் என்ற சின்னப் பெண்கள் குழு வந்தது. பதிப்புத் தொழிலில் பெரிய ஆட்கள் கிடையாது. கையில் பெரிய முதலும் கிடையாது. மானியம் வாங்கி, வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் அச்சுக்கோத்து, பிழை திருத்தும் வேலையைத் தாங்களே பார்த்து, 1984ல் 2000 பிரதிகள் அடித்தார்கள். சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. மறுபடி அடித்தார்கள், அதுவும் தீர்ந்தது. அதற்கப்புறம் ஹாடர் அண்ட் ஸ்டவ்டன் என்ற பெரிய பதிப்பகம் கூட்டுச் சேர்ந்தது. 1985ல் புக்கர் பரிசு! நியூசிலாந்துக்குக் கிடைத்த முதல் புக்கர் அது. பரிசு சரியா தவறா என்று நடுவர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது தனிக்கதை. ஹ்யூம் பின்னாளில் தன்னை ஏசெக்ஷுவல், ஏரோமாண்டிக் என்றே சொல்லிக்கொண்டார். 2021 டிசம்பரில் காலமானார். அவர் வெளியிட்ட ஒரே நாவல் இதுதான்.

இதில் ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது. பல நாடுகளில் புத்தகக் கடைக்காரர் விற்காத பிரதிகளைப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். நஷ்டம் பதிப்பாளர் தலையில். அதனால் அவர் போன வருடம் எது விற்றது என்று பார்த்துத்தான் இந்த வருடத்துக்குப் பணம் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, யார் கடை வைத்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு சரக்கு கடைக்கே வரவில்லை என்றால் அதன் விற்பனைக் கணக்கு பூஜ்யம்தானே? அந்தப் பூஜ்யத்தைக் காட்டியே இதற்கு மார்க்கெட் இல்லை என்று சொல்லிவிடலாம். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். ஸ்பைரல் அடித்த 2000 பிரதிகள் அந்தச் சுற்றிலிருந்து ஒரு தடவை வெளியே வந்து காட்டின.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டதா என்றால், அதுதான் இல்லை.

ஆர்ச்சி காமிக்ஸ் தெரியும்தானே? பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்து கிடக்குமே, அதேதான். அதில் தலையில் கிரீடம் மாதிரி ஒரு தொப்பியும் கையில் பர்கருமாக அலைவான் ஜக்ஹெட். 1941லேயே தலைகாட்டியவன். ஆர்ச்சி இரண்டு பெண்களுக்கு நடுவில் திண்டாடிக்கொண்டிருக்க, இவனுக்கு அந்த வம்பே வேண்டாம். அவன் ஏசெக்ஷுவல் என்று 2016 பிப்ரவரியில் வந்த இதழில் ஒரு நண்பன் வாயால் போகிற போக்கில் சொல்ல வைத்தார் எழுத்தாளர் சிப் ஸ்டார்ஸ்கி. பெரிய அறிவிப்பெல்லாம் இல்லை. 75 வருடமாக வாசகர்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். நிறைய பேர் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. 2017 ஜனவரியில் ரிவர்டேல் டிவி தொடர் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே ஜக்ஹெட்டுக்கும் பெட்டிக்கும் காதல். ஜக்ஹெட்டாக நடித்த கோல் ஸ்ப்ரவுஸே அந்தப் பாத்திரத்தை ஏசெக்ஷுவலாக வைக்கத் தான் வாதாடியதாகப் பேட்டிகளில் சொன்னார். எடுபடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தொடரை உருவாக்கியவர் ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனத்தின் படைப்புத் தலைமை அதிகாரிதான். காமிக்ஸ் அளவில் இருந்தபோது இடம் கொடுத்த அதே வீடு, டிவி என்ற பெரிய சந்தைக்குப் போனதும் அதைக் கழற்றி வைத்துவிட்டது. தொடர் 2023 வரை ஓடியது. ஜக்ஹெட்டின் காதலும் கூடவே ஓடியது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஆலிஸ் ஓஸ்மேன். இங்கிலாந்துக்காரர், தன்னை ஏசெக்ஷுவல், ஏரோமாண்டிக் என்று சொல்லிக்கொள்பவர். இவர் 2020ல் எழுதிய லவ்லெஸ் நாவலில் ஜார்ஜியா என்ற பெண் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சேர்கிறாள். காதல் கதை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் நிஜத்தில் யாரைப் பார்த்தாலும் ஒன்றுமே தோன்றவில்லை. முயற்சி செய்து பார்க்கிறாள். அதில் நல்ல நண்பன் ஒருவன் மனதையும் உடைத்துவிடுகிறாள். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறவளுக்கு, அப்படி ஒன்றும் இல்லை என்று புரிவதுதான் கதை. காதல் படங்களில் கடைசியில் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிற காட்சி வருமே, அந்த அளவு ஆர்ப்பாட்டமெல்லாம் இங்கே நட்புக்காக நடக்கிறது. புத்தகம் 2021ல் இங்கிலாந்தின் ஒய்ஏ புக் பிரைஸ் பரிசை வாங்கியது.

ஓஸ்மேனின் இன்னொரு படைப்பான ஹார்ட்ஸ்டாப்பர் முதலில் இணையத்தில் படக்கதையாக வந்து, வாசகர்கள் போட்ட பணத்தில் புத்தகமாகி, 2022ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. அதில் ஐசக் என்றொரு பையன் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பான். மூலப் படக்கதையில் இல்லாத பாத்திரம். 2023ல் வந்த இரண்டாவது சீசனில் தனக்குக் காதலும் வராது, ஈர்ப்பும் வராது என்று அவன் கண்டுகொள்கிறான். ரிவர்டேலில் டிவிக்குப் போனதும் கழற்றினார்கள், இங்கே டிவிக்குப் போனதும் சேர்த்தார்கள். காரணம் ரொம்ப எளிது: இந்தத் தொடருக்குத் திரைக்கதை எழுதியது ஓஸ்மேனேதான். இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாசகர் ஏற்பாரா மாட்டாரா என்பதைவிட, பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பேனா கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. காதல் வராத பாத்திரம் வேண்டும் என்றால் உடனே ரோபோவையோ வேற்றுக்கிரகவாசியையோ உணர்ச்சியே இல்லாத மேதையையோ கூட்டி வந்துவிடுகிறார்கள். மார்த்தா வெல்ஸ் 2017 முதல் எழுதிவரும் மர்டர்பாட் கதைகளின் நாயகன் பாதி இயந்திரம். மனிதர்களின் காதல் விவகாரம் என்றாலே அதற்கு அலர்ஜி. அருமையான கதைகள், சந்தேகமே இல்லை. ஆனால் இயந்திரத்துக்குத்தான் காதல் வராது, மனுஷன் என்றால் வந்தே தீரும் என்ற எண்ணம் வாசகர் மனதில் உட்கார்ந்துவிட்டால் அது யாரைச் சுடும்? அதனால்தான் ஷானன் மெக்வயரின் எவ்ரி ஹார்ட் எ டோர்வே (2016) போன்றவை முக்கியம். மாயாஜாலக் கதைதான், ஆனால் நாயகி நான்சி மனுஷி. ஏசெக்ஷுவல். காதல் வரும், உடல் ஈர்ப்பு வராது, அதை அவளே தெளிவாகச் சொல்கிறாள். கதையின் முடிச்சு அதைப் பற்றியதும் இல்லை. ஹியூகோ, நெபுலா என்று அறிவியல் புனைவின் இரண்டு பெரிய விருதுகளையும் அந்தக் குறுநாவல் வாங்கியது. கிளேர் கேன் எழுதிய லெட்ஸ் டாக் அபவுட் லவ் (2018) நாவலின் ஆலிஸும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும் கறுப்பினப் பெண், காதலிக்கவும் செய்கிறாள்.

இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்களா என்ற சந்தேகம் வேண்டாம். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த எழுத்தாளர் க்ளாடி ஆர்செனோ இப்படிப்பட்ட பாத்திரங்களுக்கென்றே ஒரு பெரிய பட்டியலைத் திரட்டியிருக்கிறார். எந்தப் புத்தகம், எந்தப் பாத்திரம், எந்த வகை என்று தேடிப் பார்க்கலாம். தேவை இல்லாத இடத்தில் இப்படி ஒருவர் உட்கார்ந்து கணக்கெழுத மாட்டார் இல்லையா?

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் காதல் கதைகளே வேண்டாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வேண்டும், நிறைய வேண்டும். ஜார்ஜியாவுக்கே காதல் கதைதானே பிடிக்கும்! கேட்பது அலமாரியில் ஓரமாக ஒரு இடம். யார் மீதும் காதல் வராத 18 வயதுப் பெண்ணோ பையனோ நூலகத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தைப் பிரிக்கும்போது, அதில் தன்னைப் போல் ஒருத்தி சாப்பிட்டு, படித்து, நண்பர்களோடு சண்டை போட்டு, சமாதானம் ஆகி, கடைசிப் பக்கத்திலும் அப்படியே நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால், எத்தனை வருடக் குழப்பம் மிச்சமாகும்! "உனக்கு என்ன குறை" என்று வீட்டில் கேட்கிறவர்களிடம் நீட்டுவதற்கும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்டால், 1984ல் அச்சான அந்த 2000 பிரதிகள் எத்தனை வாரத்தில் தீர்ந்தன என்ற கதையைச் சொல்லுங்கள்.