பாலையில் ஒரு சாலை வண்டி

மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், ஒரு பக்கம் பசிபிக் கடலும் மறுபக்கம் கலிஃபோர்னியா வளைகுடாவுமாக, முருங்கைக்காயைத் தொங்கவிட்டதுபோல் நீண்டு கிடக்கிறது பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம். நீளம் சுமார் 1,200 கி.மீ. அகலம் சில இடங்களில் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. வட முனையில், அமெரிக்க எல்லையை ஒட்டி டிஹுவானா நகரம். தெற்கே லா பாஸ். இந்த இரண்டு ஊர்களையும் இணைத்து முழு நீளத்துக்கும் தார்ச்சாலை வந்ததே 1973இல்தான். அதற்கு முன் இங்கே சாலை என்றால், முன்னால் போன லாரியின் சக்கரத் தடம். இன்றும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் மண் பாதைதான். மெக்சிகோக்காரர்கள் அதைத் 'தெரசேரியா' என்கிறார்கள்.

இப்படிப்பட்ட பாதைகளுக்கென்றே தயாரான மோட்டார் சைக்கிள்கள் உண்டு. உயரமானவை, ஒல்லியானவை. முன் சக்கரம் 21 அங்குலம். டயரில் கட்டை கட்டையாகப் பற்கள். சஸ்பென்ஷன் ஓர் அடி அளவுக்கு இறங்கி ஏறும். சாலை வண்டியோ வேறு ஜாதி. 17 அங்குலச் சக்கரம், வழுவழுப்பான டயர், அரை அடிகூட இறங்காத சஸ்பென்ஷன், கல்லில் இடிபடக் காத்திருப்பதுபோல் வயிற்றுக்கடியில் தொங்கும் சைலன்சர் குழாய், ஏறக்குறைய 200 கிலோ எடை. நகரத்தில் அலுவலகத்துக்குப் போய்வரவும் நெடுஞ்சாலையில் காற்று வாங்கவும் பிறந்த வண்டி. அதைக் கொண்டுபோய்ப் பாலைவனத்து மண்ணில் இறக்குவது கோயில் தேரை வயலில் இழுப்பது போன்ற காரியம். ஆனாலும் வருடா வருடம் யாராவது இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வண்டி முழுசாகவும் கால் முழுசாகவும் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

சொல்லப்போனால், பாஹாவின் மோட்டார் சைக்கிள் சரித்திரமே ஏறக்குறைய ஒரு சாலை வண்டியில்தான் தொடங்குகிறது. ஹோண்டா நிறுவனம் 1959இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது, ஜப்பானிய வண்டி என்றால் பொம்மை என்ற எண்ணம் அங்கே இருந்தது. அதை உடைக்க ஏதாவது செய்ய வேண்டும். பெயர்பெற்ற பந்தய வீரர் பட் ஈகின்ஸை அணுகினார்கள். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீனுக்குப் பதிலாக முள்வேலியை மோட்டார் சைக்கிளில் தாண்டியவர் இவர்தான். பட் அப்போது ட்ரையம்ஃப் வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தவர். போட்டிக் கம்பெனிக்காக ஓட்டுவது சரிவராது என்று தம்பி டேவ் ஈகின்ஸைக் கைகாட்டிவிட்டார்.

1962இல் டேவ் ஈகின்ஸும் பில் ராபர்ட்சனும் டிஹுவானாவிலிருந்து கிளம்பினார்கள். வண்டி, 250 சி.சி. ஹோண்டா சி.எல்.72. அந்தக் கம்பெனியின் சாலை வண்டியில் இருந்த இரட்டை சிலிண்டர் என்ஜினை வலுவான சட்டத்தில் பொருத்தி, புகைக்குழாயை மேலே தூக்கி வைத்து, அடியில் ஒரு காப்புத் தகடு மாட்டியிருந்தார்கள். இன்றைய அளவுகோலில் அதைப் பாலைவன வண்டி என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். புறப்பட்ட நேரத்துக்குச் சாட்சியாக டிஹுவானாவிலிருந்து ஒரு தந்தி, போய்ச் சேர்ந்த நேரத்துக்கு லா பாஸிலிருந்து ஒரு தந்தி. இடையில் சுமார் 1,530 கி.மீ. தூரத்தை ஈகின்ஸ் 39 மணி 56 நிமிடத்தில் கடந்தார். இரவில் வழி தவறிச் சுற்றிய நேரமும் இதில் அடக்கம். ராபர்ட்சனின் வண்டியில் ஒரு சிலிண்டர் செத்துப்போனது. மீதியிருந்த ஒன்றைக் கொண்டே அவர் பின்னால் வந்து சேர்ந்தார். அந்தத் தந்திகள் கிளப்பிய ஆசையில் 1967இல் பந்தயமே தொடங்கிவிட்டது. 'பாஹா 1000' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

பந்தயம் வேறு, தனி ஆளாகச் சாலை வண்டியில் போவது வேறு. பந்தயத்தில் பின்னால் உதவிக்கு லாரி வரும். தனி ஆளுக்குப் பின்னால் அவர் கிளப்பிய புழுதிதான் வரும்.

பாலைவனம் என்றதும் மணல் குன்றும் ஒட்டகமும் நினைவுக்கு வருவது சினிமா தந்த பழக்கம். சங்க இலக்கியத்தின் பாலை மணல்வெளி அல்ல. மழை பொய்த்து, வெயிலில் காய்ந்து, தன் இயல்பு திரிந்துபோன குறிஞ்சியும் முல்லையும்தான் அது. பாஹா அந்த இலக்கணத்துக்கு நெருக்கமாகவே இருக்கிறது: வறண்ட மலை, உருண்டு கிடக்கும் பாறை, தண்ணீரில்லாத ஓடை, நான்கு மாடி உயரத்துக்கு வளரும் கார்தோன் கள்ளி, தலைகீழாக நட்ட கேரட் போன்ற சிரியோ மரம். நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான்.

மண் பாதை இங்கே மூன்று விதமாகச் சோதிக்கிறது. முதலாவது, சலவைப் பலகை போல் வரிவரியாக எழும் மேடு பள்ளம். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும், ஓட்டுகிறவரின் ஒவ்வொரு பல்லையும் இது தனித்தனியாக விசாரிக்கும். லாரிகளின் பாரத்தால், ஸ்பிரிங்கின் துள்ளலால் இந்த வரிகள் உண்டாகின்றன என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. 2007இல் கனடா, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளின் இயற்பியலாளர்கள் சிலர் சுழலும் மேடையில் மணலைக் கொட்டி, அதன்மேல் ஒரு சின்னச் சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் வரிகள் எழுந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓட்டினால் மட்டும் எழவில்லை. ஆக, குற்றவாளி வேகம்தான். எல்லோரும் ஆமை வேகத்தில் போனால் பாதை மட்டமாகவே இருக்கும். ஆனால் எல்லோரும் ஆமை வேகத்தில் போகிற நாடு உலகத்தில் எங்கும் இல்லை.

இந்த வரிகளின்மேல் வேகமாகப் போனால் சக்கரம் மேடுகளின் தலையைத் தொட்டபடி மிதக்கும். குலுக்கல் குறையும். கூடவே டயரின் பிடிப்பும் குறையும். திருப்பத்தில் பிரேக்கை அழுத்தும்போதுதான் அது தெரியவரும். நீளமான சஸ்பென்ஷன் உள்ள வண்டி இந்தத் தவறை ஓரளவு மன்னிக்கும். சாலை வண்டி மன்னிக்காது. அதனால் சாலை வண்டிக்காரர் வேறு வழியில்லாமல் மெதுவாகப் போகிறார். அந்த நிர்ப்பந்தமே அவரைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, கல். சக்கரத்தின் விளிம்பை நெளித்துவிடும். என்ஜினுக்கு அடியில் அடித்தால் எண்ணெய் ஒழுகிவிடும். எண்ணெய் போனால் என்ஜின் போயிற்று. கல் பாதையில் அதிகம் யோசிக்க எதுவுமில்லை. பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, மணல். உண்மையான பரீட்சை இதுதான். வறண்ட ஓடை பாதையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் மாவு போல் மணல் குவிந்திருக்கும். முன் சக்கரம் அதில் இறங்கியதும் பாம்பு போல் நெளியத் தொடங்கும். அந்த நொடியில் உடம்பு சொல்வது மூன்று: ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடி, பிரேக்கை அழுத்து, காலை ஊன்று. மூன்றுமே தப்பு. முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் மண்ணில் புதையும். இறுக்கிப் பிடித்தால் சக்கரம் தானாக நேராக முடியாது. காலை ஊன்றினால் கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டும். செய்ய வேண்டியது நேரெதிர். எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, கண்ணை இருபது முப்பது மீட்டர் முன்னால் வைத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். வண்டி ஆடும். ஆடட்டும் என்று விட வேண்டும். நகரும் சக்கரத்துக்கு நேராகப் போகும் புத்தி இயல்பிலேயே உண்டு. அதைக் கெடுப்பது ஓட்டுகிறவரின் பயம்.

எழுதுவதற்கு இது எளிது. 200 கிலோ இரும்பு காலடியில் துள்ளும்போது கையைத் தளர்த்துவது எளிதல்ல. முதல் மணலில் விழாதவர் குறைவு. விழுந்தால் அந்த 200 கிலோவைத் தூக்கி நிறுத்த வேண்டும், அதுவும் தனியாக, 40 டிகிரி வெயிலில். முதுகை வண்டிப் பக்கம் திருப்பி, குந்தி உட்கார்ந்து, தொடை பலத்தால் பின்னோக்கித் தள்ளினால் எழும். இரண்டு முறை முடியும். மூன்றாவது முறை குடித்த தண்ணீர் முழுவதும் வியர்வையாகியிருக்கும். நான்காவது முறை மனசு விழும். மண் பாதையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ஒரு பெரிய விபத்தல்ல. இப்படிச் சின்னச் சின்னதாகச் சேரும் களைப்புதான்.

ஆகவே கணக்கு முக்கியம். டயரில் 30க்கு மேல் இருக்கும் காற்றை 25க்குக் குறைத்தால் பிடிப்பு கூடும். ஆனால் கல்லில் விளிம்பு நெளியும் ஆபத்தும் கூடும். மூட்டை குறையக் குறைய விழுவது குறையும். ஆனால் தண்ணீரைக் குறைக்க முடியாது. எல் ரொசாரியோவைத் தாண்டித் தெற்கே போனால் நெடுஞ்சாலையிலேயே சுமார் 300 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது என்பது பாஹாவில் பழைய கதை. நடுவில் கட்டவீன்யா என்ற சிற்றூரில் சாலையோரமாகப் பீப்பாயில் வைத்து விற்பார்கள். விலை அதிகம்தான். யாரும் பேரம் பேசுவதில்லை. நெடுஞ்சாலையே இப்படி என்றால், சான் போர்ஹாவின் பழைய கல் தேவாலயத்துக்குப் போவது போன்ற கிளைப் பாதைகளில் போகவும் வரவும் ஆகும் பெட்ரோலைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது இன்னொரு விதி. அங்கேயும் மாடுகள் வேலியில்லாமல் மேய்கின்றன. பகல் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும் சாலையை இரவில் தேடி வருகின்றன. இந்த ஒரு விதியை மட்டும் இந்திய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனை கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்களிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'இத்தாலிகா' என்ற மெக்சிகோ கம்பெனியின் 125, 150 சி.சி. வண்டிகள், வாரத் தவணையில் வீட்டு உபயோகப் பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன. நம் பஜாஜ் பல்சரும் அந்த நாட்டில் ஓடுகிறது. எல்லாம் சாலை வண்டிகள்தான். வெளியூர்க்காரர் கவசம் போன்ற உடையும் பூட்ஸும் அணிந்து வியர்த்துக் கடக்கும் அதே பாதையில், உள்ளூர்க்காரர் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து, மடியில் சாமான்களோடு போய்க்கொண்டிருப்பார். அவர் அதைச் சாகசம் என்று சொல்வதில்லை; கடைக்குப் போய்வருவதாகச் சொல்கிறார். ராஜஸ்தானத்துக் கிராமங்களில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறவரும் அப்படித்தான் சொல்வார். எந்த வண்டி எந்தப் பாதைக்கு என்ற பாகுபாடு, ஒன்றுக்கு மேல் வண்டி வாங்க முடிந்தவர்களின் கவலை.

ஒரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. வெளியூர்க்காரர் இந்தப் பாதையை ஒரு முறை கடந்தால் போதும். உள்ளூர்க்காரருக்குப் பிரசவ வலி வந்தாலும் இதே பாதைதான். அதனால்தான் மண் பாதை மறைவதைப் பற்றி இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சான் ஃபெலிப்பேவுக்குத் தெற்கே வளைகுடாக் கரையோரம் போன பாதை ஒரு காலத்தில் டயர்களுக்கு எமன். இன்று அது ஐந்தாம் எண் நெடுஞ்சாலை. பழைய பயணிகள் பெருமூச்சு விடுகிறார்கள். அங்கே வாழ்கிறவர்கள் விடுவதாகத் தெரியவில்லை. ஆனால் 2018இல் ரோசா புயலின் வெள்ளம் அந்தச் சாலையின் பாலங்களை உடைத்துப் போட்டபோது, கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாமே மறுபடியும் ஓடை மணலில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. மணல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அன்று மரியாதை கூடியது.

பாஹாவில் சாலை வண்டி கற்றுத்தரும் பாடம் வீரத்தைப் பற்றியது அல்ல. வண்டியால் எது முடியாது, தன்னால் எது முடியாது என்று இரண்டையும் மதியத்துக்குள் தெரிந்துகொள்வது. மணல் ஆழமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. ஓடையில் தண்ணீர் வந்திருந்தால் வந்த வழியே திரும்புவதிலும் வெட்கமில்லை. திரும்பியவர்கள் அடுத்த வருடம் மறுபடியும் வருகிறார்கள்.

மண் பாதை முடிந்து தார் தொடங்கும் இடங்களில் பெரும்பாலும் 'யாந்தேரா' என்ற பஞ்சர் கடை ஒன்று இருக்கும். அடையாளத்துக்கு வாசலில் ஒரு பழைய டயர். அங்கே நின்று டயரில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். நம்பர் பிளேட்டோ, கண்ணாடியோ, இண்டிகேட்டரோ ஒன்று வழியில் கழன்று விழுந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். கடைக்காரர் அதற்கெல்லாம் அசருவதில்லை. கொஞ்சம் கம்பி எடுத்துக் கட்டிக் கொடுப்பார்.